காற்று விழும்போது வேகம் விழாமல் இருக்க: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி விண்ட்சர்ஃபிங் பிரியர்களுக்குச் சில குறிப்புகள்

காலுக்கடியில் ஒரு பலகை. அதில் எந்தப் பக்கமும் சாயும்படி பொருத்திய கம்பம், கம்பத்தில் பாய், பாயைப் பிடித்துக்கொள்ள பூம் என்கிற வளைந்த கைப்பிடி. சுக்கான் கிடையாது, எஞ்சின் கிடையாது. விண்ட்சர்ஃபிங் இவ்வளவுதான். நல்ல காற்றில் யாருக்கும் ஓடும். காற்று தளர்கிற அந்த அரை நிமிடத்தில்தான் கற்றவருக்கும் கற்றுக்கொண்டிருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும். ஒருவர் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். இன்னொருவர் பலகையின் வால் அமிழ்ந்து, நட்டாற்றில் நின்றுவிடுவார்.

கடலுக்குத் தள்ளி இருக்கிறோமே என்று மேற்குப் புறநகர்க்காரர்கள் தயங்க வேண்டியதில்லை. காற்றைக் கவனிக்க உங்கள் மொட்டை மாடியே போதும். அதனால் இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை தண்ணீரில் செய்ய வேண்டியவை, மீதி வீட்டில் செய்ய வேண்டியவை.

1. முதலில் ஒரு கணக்கு. பாயின் மேல் காற்று தருகிற விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 நாட் காற்று 10 நாட்டுக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். விசையோ பாதிக்கும் கீழே போய்விடும். 100 இருந்த இடத்தில் ஏறத்தாழ 44தான் மிச்சம். காற்று கொஞ்சம்தானே தளர்ந்தது, பலகை ஏன் இப்படிப் படுத்துவிட்டது என்று திகைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் நல்ல செய்தியும் உண்டு. பலகை தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன் மேல் வழுக்கத் தொடங்குவதை பிளேனிங் என்கிறோம். அந்த நிலைக்கு ஏறுவதற்குத் தேவையான காற்றைவிட, ஏறிய பின் அதில் நீடிப்பதற்குக் குறைந்த காற்று போதும். ஏறியதை விடாமல் காப்பாற்றினால் மறுபடி ஏறுகிற கஷ்டம் இல்லை.

2. காற்று வருகிற திசையைப் பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் பாயையும் தங்கள் காலையும்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது காற்று வருகிற பக்கத்துத் தண்ணீரை. காற்று உரசுகிற இடம் சிறு சுருக்கங்களோடு கருத்துத் தெரியும். காற்றில்லாத இடம் வெளுத்து வழவழவென்று இருக்கும். 10 நாட் என்பது நொடிக்குச் சுமார் 5 மீட்டர். ஆக, 100 மீட்டர் தள்ளித் தெரிகிற வழவழப்பு ஏறக்குறைய 20 நொடியில் உங்களை வந்து தொடும். 20 நொடி என்பது தயாராவதற்குத் தாராளமான நேரம். கூசாத கண்ணாடி, அதாவது போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் இந்த நிற வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பின்பக்கம் கயிறு கட்டிப் போடுங்கள். விழுந்தால் கண்ணாடி கடலுக்குத்தான்.

3. கண் தவறவிட்டாலும் உடம்பு சொல்லும். காற்று தளரும்போது முதலில் பின்கையில் இழுப்பு குறையும். அடுத்து இடுப்பில் மாட்டிய ஹார்னெஸ் கயிறு லேசாகத் தொய்யும். அதன் பிறகு சத்தம் மாறும்: பலகையின் வாலிலிருந்து 'ஸ்ஸ்' என்று சீறிப் பிரிந்துகொண்டிருந்த தண்ணீர், 'சளப் சளப்' என்று அடிக்கத் தொடங்கும். சத்தம் மாறிய பிறகு செய்கிற எதுவும் தாமதம். பின்கையில் இழுப்பு குறையும்போதே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சிலர் இதற்காகவே ஹார்னெஸில் தொங்கியபடி பின்கையை ஒரு நொடி பூமிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். எடை சமமாக இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நல்ல பழக்கம்.

4. இழுக்காதீர்கள், பின்னால் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

காற்று விழுந்ததும் தாங்கிப் பிடித்திருந்த விசை போய்விடுவதால் உடம்பு பின்னால் சாயும். பயத்தில் கை பாயை நெஞ்சோடு இழுக்கும். பின்கால் பலகையின் வாலை மிதிக்கும். இரண்டும் சேர்ந்தால் வேகம் அங்கேயே முடிந்தது. வால் அமிழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். இழுத்து மூடிய பாயில் காற்று வழிந்தோட இடமில்லாமல் திணறும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. உடம்பைப் பலகைக்கு நெருக்கமாக உள்ளே கொண்டுவாருங்கள். பின்காலின் பாரத்தை எடுத்துவிடுங்கள். கால் பலகையில் இருக்கட்டும், எடை இருக்கக் கூடாது. பூமில் கீழ்நோக்கித் தொங்குங்கள். அப்படித் தொங்கும்போது உங்கள் எடை பூம் வழியாகக் கம்பத்துக்குப் போய், கம்பத்தின் அடி வழியாகப் பலகையின் நடுவில் இறங்கும். வாலை அழுத்திய அதே எடை இப்போது மூக்கைத் தாழ்த்திப் பலகையை மட்டமாக வைக்கிறது. மட்டமான பலகைக்குத் தண்ணீரின் எதிர்ப்பு குறைவு. கை நீண்டிருக்கட்டும், முழங்கையை மடக்கினாலே இழுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

5. முன்கூட்டியே திரும்புங்கள். பலகை ஓடும்போது அது தானே ஒரு எதிர்க்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. பாய் உணர்வது உண்மையான காற்றையும் இந்த எதிர்க்காற்றையும் சேர்த்துத்தான். உண்மைக் காற்று திடீரென்று குறைந்தால், சேர்ந்த காற்று முன்பக்கமாக நகர்ந்து வந்து பாயின் விளிம்பைத் தட்டும். அப்போது பாயை மேலும் இழுப்பதற்குப் பதில், கம்பத்தைச் சற்று முன்னால் சாய்த்து, கால்விரல் பக்கத்து விளிம்பை மெல்ல அழுத்தி, பலகையின் மூக்கைக் காற்று வரும் திசையிலிருந்து விலக்கி இறக்கத்தில் திருப்புங்கள். பத்துப் பதினைந்து பாகை போதும். பக்கவாட்டிலிருந்து சற்றே பின்வாட்டில் காற்று படுகிற அந்தக் கோணத்தில்தான் பிளேனிங் மிகச் சுலபமாக நிற்கும்.

ஆனால் இது வேகம் இருக்கும்போது செய்ய வேண்டியது. பலகை படுத்த பிறகு இறக்கத்தில் திருப்பினால், காற்றோடு காற்றாக நகர்வீர்கள். இருக்கிற கொஞ்ச எதிர்க்காற்றும் போய்விடும். படுத்துவிட்டதா, பேசாமல் மூக்கைக் காற்றுக்குக் குறுக்காகக் கொண்டுவந்து அடுத்த வேகக்காற்றுக்குக் காத்திருங்கள்.

6. இறக்கத்தில் திரும்பி இழந்த தூரத்தை அடுத்த வேகக்காற்றில் காற்று வரும் பக்கமாக மேலேறி மீட்டுக்கொள்ளலாம். காற்று பலமாகும்போது ஏறுங்கள், தளரும்போது இறங்குங்கள். உங்கள் தடம் நேர்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து போகும். அப்படித்தான் போக வேண்டும்.

7. ஹார்னெஸைக் கழற்ற அவசரப்படாதீர்கள். தளர்ந்தவுடன் கொக்கியை விடுவித்தால் உங்கள் எடை முழுவதும் காலுக்கு வந்துவிடும்; கால் வாலில் இருக்கிறது. கயிறு முழுக்கத் தொய்ந்த பின், பம்பிங் செய்யப் போகும்போது மட்டும் கழற்றுங்கள்.

8. பம்பிங். பாயை விசிறிபோல் இழுத்து விட்டு, இல்லாத காற்றைக் கொஞ்சம் உண்டாக்கிக்கொள்கிற உத்தி இது. ஊஞ்சலை உந்துகிற மாதிரிதான்: பலத்தைவிட நேரம் முக்கியம். பாயை ஓரடி திறந்து விடுங்கள், பிறகு இடுப்பிலிருந்து புறப்பட்ட இழுப்பாக ஒரே மூச்சில் மூடுங்கள், உடனே திறங்கள். கையால் மட்டும் இழுத்தால் முன்கை ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். மூன்று முதல் ஐந்து இழுப்பு; அதற்குள் பலகை எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிளேனிங் போகிற தறுவாயில் செய்கிற இரண்டு பம்ப், போன பிறகு செய்கிற இருபதுக்குச் சமம்.

பாய்மரப் படகுப் பந்தயங்களில் பொதுவாக இப்படி விசிறிக்கொண்டே போகக் கூடாது. விண்ட்சர்ஃபிங்குக்கு விதியில் தனிச் சலுகை உண்டு. 2008 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்த ஆர்.எஸ்.எக்ஸ். பலகையில் ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய். லேசான காற்று நாட்களில் அதைப் பந்தயம் முழுக்க விசிறிக்கொண்டே போக வேண்டியிருந்ததால், அது ஓட்டப் பந்தயத்துக்கு நிகராக மூச்சு வாங்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் சரியான நேரத்தில் செய்யும் ஐந்து இழுப்பு எல்லோருக்கும் வேண்டும்.

9. அலையைக் கடன் வாங்குங்கள். வங்கக் கடலில் காற்று இல்லாத நேரத்திலும் அலையின் ஏற்ற இறக்கம் இருக்கும். அலை உங்களைத் தூக்கும்போது மூக்கை அதன் முன்சரிவில் இறக்கி, அந்த நொடியில் ஒரு பம்ப் கொடுங்கள். இரண்டு அலைகளுக்குள் அடுத்த காற்று வந்துவிடலாம்.

10. துறைமுகத்துக்குள் பயில்பவர்கள் நிழலைக் கவனியுங்கள். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கு உட்பட்ட வளாகம் என்பதால் தனியாளாகப் போய் இறங்க முடியாது, கிளப் வழியாகத்தான். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் தட்டையாக இருப்பது பெரிய வசதி. ஆனால் நின்றுகொண்டிருக்கும் கப்பலும் சரக்குக் கிடங்கும் காற்றை மறைக்கும். மறைப்பவற்றின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தக் காற்று நிழல் நீளும். கப்பலை ஒட்டிப் போகாமல் நன்றாகத் தள்ளிப் போங்கள். தவிர்க்க முடியாவிட்டால், நிழலுக்குள் நுழைவதற்கு முன் முழு வேகம் எடுத்து, 4ஆம் குறிப்பைச் செய்துகொண்டே கடந்துவிடுங்கள்.

11. திருப்பத்தைக் காற்று இருக்கும்போது முடித்துவிடுங்கள். வழவழப்பு நெருங்குவது தெரிந்தும் இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பலாம் என்று நினைத்தால், அங்கே திரும்ப வேகம் இருக்காது.

12. பாயைத் தளர்வான காற்றுக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுங்கள். வந்துபோகும் வேகக்காற்றைப் பார்த்துச் சின்னப் பாய் எடுத்தால் பாதி நேரம் நிற்க வேண்டியதுதான். உங்கள் பலத்துக்குக் கட்டுப்படுகிற எல்லைக்குள், ஒரு அளவு பெரிய பாய் நல்லது. இதில் தன்னம்பிக்கையைவிடப் பயிற்சியாளரின் சொல் முக்கியம்.

13. பாயின் கீழ் ஓரத்தை இழுத்துக் கட்டும் அவுட்ஹால் கயிற்றை ஓரிரு சென்டிமீட்டர் தளர்த்தினால் பாய்க்குத் தொப்பை விழும். குறைந்த காற்றிலும் இழுக்கும். பூமை ஒரு விரற்கடை உயர்த்தினால் அதில் தொங்குவது சுலபம். கரையிலேயே செய்துகொண்டு இறங்குங்கள்.

14. நடுவில் டாகர்போர்டு, அதாவது தண்ணீருக்குள் இறக்கி ஏற்றுகிற தட்டு, இருக்கும் பயிற்சிப் பலகையென்றால்: பலகை படுத்து மெதுவாகப் போகும்போது இறக்குங்கள், வழுக்கத் தொடங்கியதும் மேலே ஏற்றிவிடுங்கள். ஏற்ற மறந்தால் பலகை ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு ஆட்டம் காட்டும்.

15. காற்று நன்றாகத்தான் இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை என்றால் பலகைக்கு அடியில் இருக்கும் ஃபின்னைப் பாருங்கள். பாசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கும். நம் கழிமுகங்களில், குறிப்பாக மழைக்குப் பின், இது சாதாரணம். காலால் தட்டினால் போகாது. இறங்கிக் கையால் எடுத்து, எடுத்ததைக் கடலிலேயே போடாமல் இடுப்புப் பையில் செருகிக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

16. இனி சில வீட்டுக் குறிப்புகள். மொட்டை மாடியில் துணி காயும் கொடியைக் கவனியுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காலையில் நம் பக்கம் மேல்காற்று. துணிகள் கிழக்கே பறக்கும். வெயில் ஏற ஏற கடலிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையப் பார்க்கும். இரண்டும் முட்டிக்கொள்கிற நேரத்தில் கொடியில் துணி செங்குத்தாகத் தொங்கும். வேப்பிலைகூட அசையாது, புழுக்கம் தாங்காது. பிறகு ஈரமான ஒரு குளிர்ச்சி முகத்தில் பட, துணிகள் மேற்கே திரும்பும். கடற்காற்று வந்துவிட்டது.

கடற்கரையில் முதலில் நடப்பதும் இதேதான். அங்கே வந்த காற்று நுங்கம்பாக்கத்தைத் தாண்டி அம்பத்தூர், பூந்தமல்லி, ஆவடி வர மேலும் நேரமாகும். கோடையில் நகரைவிட நமக்கு வெக்கை அதிகமாக இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். இரண்டு காற்றுக்கும் நடுவே வருகிற அந்த ஓய்ந்த பொழுதுதான் கடலில் பலகையோடு இருப்பவரை நிறுத்திவிடும். எந்த மாதத்தில் எந்த நேரத்தில் துணி திரும்புகிறது என்று காலண்டரில் தினமும் ஒரு வார்த்தை குறித்துவையுங்கள். ஒரு கோடை முழுக்கக் குறித்தால், கடற்கரையில் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதைக் கைபேசிச் செயலியைவிட நன்றாக ஊகிப்பீர்கள்.

17. மரத்தை வைத்து வேகத்தை அளக்கப் பழகுங்கள். முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் 4 முதல் 6 நாட். இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடி, கட்சிக் கொடி விரிந்து நின்றால் 7 முதல் 10. தெருப் புழுதியும் காகிதமும் கிளம்பி, சின்னக் கிளைகள் ஆடினால் 11 முதல் 16. உலகெங்கும் மாலுமிகள் பயன்படுத்தும் போஃபர்ட் அளவுமுறை இது. வழக்கமான பலகையும் பாயும் உள்ளவருக்கு, புழுதி கிளம்பும் காற்றுதான் பிளேனிங் காற்று.

18. ஏரிக்கரையில் கண்ணைப் பழக்குங்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. சாயங்கால நடையில் தண்ணீரைப் பாருங்கள்: கருத்த சுருக்கம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் இக்கரைக்கு வருகிறது, கட்டடத்துக்குப் பின்னால் எங்கே வழவழப்பு நிற்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போய், அடுத்த காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டு விளையாடலாம். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். செம்பரம்பாக்கமும் புழலும் நகரின் குடிநீர் ஏரிகள். அவற்றைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலகையோடு இறங்கும் எண்ணமே கூடாது.

ஏரிக் காற்று கடற்காற்றைப்போல் சீராக வராது; விட்டு விட்டு, திசை மாறி மாறி வரும். தளர்ந்த காற்றைச் சமாளிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்.எஸ்.எக்ஸ். பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த ஈபாத் அலி, கடலே இல்லாத போபாலில் பயின்றவர்; அந்த ஊரின் பெரிய ஏரிதான் அவருக்குக் களம். கடலிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டரில் இருக்கிற நாம் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பாய்மரப் படகில் போன 4 இந்தியர்களில் நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி மூவரும் சென்னைக்காரர்கள். இந்த நகரத்துக் காற்று ஒலிம்பிக் வரை கொண்டுபோகக்கூடிய காற்றுதான்.

19. தூணில் பயிற்சி. வீட்டுத் தூண் ஒன்றில் தோள் உயரத்துக்குக் கெட்டியான நைலான் கயிறு கட்டி, அதில் கைக்கு அடங்கும் மூங்கில் கழியைக் குறுக்காகப் பிணையுங்கள். அதுதான் உங்கள் பூம். தூணுக்குச் சற்றுத் தள்ளி நின்று, கையை மடக்காமல் சாய்ந்து தொங்குங்கள். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, சொல்லாமல் கயிற்றைத் தளர்த்தச் சொல்லுங்கள். தளரும் நொடியில் பின்காலில் விழாமல் இடுப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். இதுதான் 4ஆம் குறிப்பு. தண்ணீரில் நூறு தடவை விழுந்து கற்பதை வீட்டில் விழாமல் கற்கலாம். பின்னால் பாயோ பழைய மெத்தையோ விரித்துவைத்திருங்கள். கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி, துணிக்கொடி இவற்றில் கட்டவே கூடாது.

20. உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லதுதான், ஆனால் ஓட்டி முடித்த இரவில். காலையில் தடவிக்கொண்டு போனால் பூம் வழுக்கும்.

21. மறுபடி கடலுக்கு வருவோம். மேற்கே இடி கட்டினால் கரையேறுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை வேளையில் மேல்காற்றும் கடற்காற்றும் சந்திக்கிற இடத்தில் இடிமேகம் கட்டுவது வழக்கம். பல நாள் அது நம் புறநகருக்கு மேலேயோ இன்னும் மேற்கேயோ எழும்பி, பிறகு கடலை நோக்கி நகரும். அம்பத்தூரில் வானம் கறுத்த பிறகும் கடற்கரையில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பலகையில் இருப்பவருக்குக் காற்று மட்டும் திடீரென்று ஓய்ந்துபோகும். இந்த ஓய்வு மற்ற ஓய்வுகளைப் போன்றதில்லை. அடுத்து வருவது மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற பலத்த காற்று, கூடவே மின்னல். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் நிற்கிறவருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை.

அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு: மாடியில் துணி எடுக்கப் போகும்போது மேற்கே கறுத்திருந்தால், கடற்கரையில் இருக்கிற பயிற்சியாளருக்கு ஒரு போன். "அண்ணா, இங்க ஆவடியில நல்லா கட்டிக்கிட்டு வருது, பிள்ளைங்கள மேல ஏத்திடுங்க" என்றால் போதும். ராடார் படத்தைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தவர் சொல்வதும் பயனுள்ளதுதான்.

22. மேல்காற்று வீசும் காலை நேரத்தில் திறந்த கடலில் இறங்காதீர்கள். அது கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று. நடுவில் ஓய்ந்தால் திரும்பி வர வழியில்லை. கற்பவர்களுக்குக் கடற்காற்று நன்கு நிலைத்த பிற்பகலும், முட்டுக்காடு போன்ற கழிமுகத் தண்ணீரும் நல்லவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்றால், எந்த எண்ணாக இருந்தாலும் வீட்டில் இருங்கள்.

23. காற்று அடியோடு நின்றுவிட்டால். முதல் விதி: பலகையை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நீரோட்டம் வேறு கணக்குப் போடும். பலகை மிதக்கும், தூரத்திலிருந்தும் கண்ணில் படும். கொஞ்சமாவது காற்று இருந்தால் அப்ஹால் கயிற்றால் பாயைத் தூக்கி, கம்பத்தின் அடிக்குப் பக்கத்தில் இரு கால்களையும் வைத்து, அசையாமல் நின்று மெல்லக் கரைக்கு ஓட்டுங்கள். அந்த நேரத்தில் காலை மாற்றுவதும் பாயை ஆட்டுவதும் இருக்கிற நகர்வையும் கெடுக்கும். காற்றே இல்லையென்றால் பாயைப் பலகையின் பின்பக்கமாகக் கிடத்தி, குப்புறப் படுத்து, கையால் துழாவி வாருங்கள். உதவி வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் உயர்த்தி இறக்குங்கள். கடலில் எல்லோருக்கும் தெரிந்த அபாய சைகை அது. உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் இவ்வளவும் பொறுமையாகச் செய்ய முடியும். நீச்சல் தெரிந்தவருக்கும் அங்கி வேண்டும்.

24. ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை. பம்பிங் செய்து களைத்தவருக்கு இதைவிட வேறு பானம் தேவையில்லை. கரையில் நிழலில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

25. வீட்டுக்கு வந்ததும் ஹார்னெஸ், கையுறை, ரப்பர் காலணி எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். நம் பகுதி போர் தண்ணீர் கடினமானதுதான், வெள்ளைத் திட்டு படியும்; இருந்தாலும் கடல் உப்பைவிட மேல். கடைசி அலசல் மட்டும் மெட்ரோ தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ இருந்தால் திட்டும் வராது. மொட்டை மாடி வெயிலில் போடாமல் மாடிப்படி நிழலில் தொங்கவிடுங்கள். சொந்தப் பாய் வைத்திருப்பவர்கள் அதையும் வெயிலில் விரித்துவைக்க வேண்டாம். பாயில் இருக்கும் கண்ணாடி போன்ற தாள் வெயிலில் மொரமொரத்து விரிசல் விடும். மடிக்காமல் மேல் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுருட்டி, பரண் மேல் படுக்கையாக வையுங்கள்.

26. ஹார்னெஸ் ஜிப் உப்பேறி இறுகியிருந்தால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்த பின் மெழுகுவத்தித் துண்டை இரண்டு பக்கப் பற்களிலும் உரசுங்கள். நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் இளகிவிடும். மாதம் ஒரு தடவை செய்தால் அடுத்து இறுகாது.